கோதுமை கலவாத பலகாரங்கள்: அரிசிமாவின் உபயோகமும் கமக்காரரின் கவனமும்

இலங்கைத் தமிழ் மக்களின் இல்லங்களிலே பண்டிகைக் காலங்களிற் செய்யப்படும் பலகாரங்களுட் பெரும்பாலானவை அரிசிமாவை ஆதாரமாகக் கொண்டவை. மோதகம், கொழுக்கட்டை, அரியதரம், பயற்றம் பணியாரம், பனங்காய்ப் பணியாரம் முதலியன இவற்றுட் சில. காலப்போக்கிற் கோதுமை மாவும் ரவையும் இவற்றிற் பலவற்றினுட் புகுந்துவிட்டன. கேக் வகைகளோ பெரும்பாலும் கோதுமையையே நம்பியிருக்கின்றன. இதனால், கோதுமை உடலுக்கு ஒவ்வாத ஒருவர் வீட்டில் இருப்பாராயின், மற்றவர் உண்ணும் பண்டத்தை அவர் உண்ணமுடியாத நிலை ஏற்படுகின்றது. அவர் சிறு குழந்தையாயின், தீபாவளியும் நத்தாரும் அக்குழந்தைக்குக் குறையுள்ள நாட்களாகின்றன.

கொழும்பு நகரிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளிற் பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்களுட் பலர் மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள். உரலும் உலக்கையும் அங்கே வைத்துப் புழங்குவதற்கு வசதியில்லை. ஆதலால் அவர்கள் மாவைக் கடையில் வாங்குகின்றனர். அல்லது அரிசியைக் கொடுத்து ஆலையில் அரைப்பிக்கின்றனர். அவர்களுடைய பலகாரம் நோயாளிக்கு ஏற்றதா, கேடு செய்வதா என்பது சமையலறையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. நெல்லைக் கட்டும் சாக்கு, அரிசியை ஏற்றும் வண்டி, மாவை அரைக்கும் ஆலை ஆகிய யாவும் அதிற் பங்கு கொள்கின்றன. ஆகவே நெற்செய்கையாளரும் இவ்விடயத்தை அறிந்திருத்தல் அவசியமாகும்.

கோதுமையில் உள்ள பசைப்புரதம்

கோதுமை மாவிற் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, அவ்வுருண்டையை ஓடும் நீரிற் கழுவினால், வெண்மையான மாப்பொருள் கரைந்து செல்ல, இழுபடும் தன்மையுள்ள ஒரு பசை கையில் எஞ்சும். இதுவே குளூட்டன் எனப்படும் பசைப்புரதமாகும். மாவிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்கள் நீருடன் சேர்ந்து இதனை உண்டாக்குகின்றன. பாண் பொங்குவதும் கேக் மென்மையாக எழும்புவதும் இப்பசையினாலேயே. மாவினுள் உண்டாகும் வாயுவை இது பலூன் போலத் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. பார்லி, றை ஆகிய தானியங்களிலும் இவ்வினத்தைச் சேர்ந்த புரதங்கள் உள்ளன.

அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அது இவ்வகைப் பசையை உண்டாக்குவதில்லை. குரக்கன், சோளம், தினை, சாமை, வரகு, உளுந்து, பயறு, ஒடியல் மா, கித்துள் மா, மரவள்ளி மா ஆகியவற்றிலும் இப்பசைப்புரதம் இல்லை. ஆகையால் இவை கோதுமை ஒவ்வாதோருக்குரிய உணவுப் பொருள்களாகும்.

சீலியாக் நோய்

பசைப்புரதத்தினால் உண்டாகும் முக்கியமான வியாதி சீலியாக் நோய் எனப்படும். இந்நோய் உள்ளவர் கோதுமையை உண்ணும்போது, உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கி, உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்விரல்களைச் சிதைத்துவிடுகின்றது. உண்ட உணவின் சத்து உடலிற் சேருவதில்லை. குழந்தைகளில் நீடித்த வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், உடல் மெலிதல், வளர்ச்சி குன்றல், இரத்தச்சோகை ஆகிய குணங்கள் தோன்றலாம். பெரியோரிற் சிலருக்கு இரத்தச்சோகையும் களைப்பும் மாத்திரமே தோன்றும்.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியரான வில்லெம் காரெல் டிக்கே என்பவர். இரண்டாவது உலகப்போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டு மாரிகாலத்தில், அந்நாட்டிற் கொடிய பஞ்சம் ஏற்பட்டுப் பாண் கிடைப்பது அரிதாயிற்று. அப்பஞ்சத்திலும் இந்நோயுள்ள குழந்தைகளின் நிலை மோசமடையவில்லை. பாண் மீண்டும் கிடைத்தபோதோ நோயும் திரும்பியது. போருக்கு முன்னரே கோதுமையின் மீது ஐயங்கொண்டிருந்த டிக்கே, தமது ஆராய்ச்சியை 1950ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆய்வேடாக வெளியிட்டார். அன்று தொட்டு இந்நோய்க்குப் பரிகாரம் ஒன்றே: வாழ்நாள் முழுவதும் பசைப்புரதத்தை விலக்குதல்.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, நோய் உண்டோ இல்லையோ என்பதை வைத்தியரே இரத்தப் பரிசோதனை முதலியவற்றால் அறிந்து கூறவேண்டும். பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் அது வெளிப்படாது போகலாம். இரண்டாவது, நோயில்லாதவர் கோதுமையை விலக்கவேண்டிய அவசியமில்லை. அரிசிமாப் பலகாரம் நீரிழிவுக்கு ஏற்றதென எண்ணுதலும் தவறு. அதிலே சீனியும் மாப்பொருளும் மற்றைய இனிப்புப் பண்டங்களிற் போலவே நிறைந்துள்ளன.

கோதுமை மா அடுக்களையுட் புகுந்த விதம்

கோதுமை இலங்கையில் விளைவதில்லை. இந்நாட்டுக்கு வேண்டிய கோதுமை முழுவதும் கப்பலில் வருவதாகும். 1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அக்குறையை ஈடுசெய்யக் கோதுமை மா பங்கீட்டில் வழங்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் பாண் உண்ணும் வழக்கம் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் இம்மாவை அமெரிக்கன் மா என்றே மக்கள் அழைத்தனர். 1980ஆம் ஆண்டளவில் திருகோணமலையிற் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின், மாவாகவே வந்த கோதுமை, பெருமளவிற் தானியமாக வந்து இங்கே அரைக்கப்பட்டது.

அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்து எடுக்கும் சிரமம் கோதுமை மாவில் இல்லை. ஆதலால் முறுக்கிலும் அரியதரத்திலும் பணியாரத் தோய்மாவிலும் கோதுமை மா சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டாயின. அரிசிமாவைக் கொண்டு பலகாரம் செய்யும் முறைகளை அறிந்திருப்பதன் பயனைப் பல குடும்பங்கள் அவ்வாண்டில் உணர்ந்தன.

எவ்வளவு கலப்புத் தீங்கு செய்யும்?

சர்வதேச உணவுத் தராதரமான கோடெக்ஸ் விதிகளின்படி, ஒரு கிலோகிராம் உணவிற் பசைப்புரதம் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தாலே அவ்வுணவைப் பசைப்புரதம் அற்றது எனக் கூறலாம். கோதுமை மாவில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு பசைப்புரதம் உண்டெனக் கொண்டால், 20 மில்லிகிராம் என்பது ஏறத்தாழக் கால் கிராம் கோதுமை மாவில் அடங்கியிருப்பதாகும். அதாவது, ஒரு கிலோகிராம் அரிசிமாவில் இரு விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை கோதுமை மா கலந்தாலே அவ்வளவு எட்டிவிடும். கண்ணாற் பார்த்தோ, நாவினாற் சுவைத்தோ இக்கலப்பை அறிய முடியாது.

வயலிலிருந்து ஆலை வரை

குளிர்நாடுகளில் ஒரே வயலில் ஆண்டு மாறிக் கோதுமையும் பிற தானியங்களும் விளைவதால், விதையிலும் அறுவடை இயந்திரத்திலுமே கலப்பு நேர்வதுண்டு. இலங்கைக் கமக்காரருக்கு அத்தொல்லை இல்லை. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அவர் வயலில் விளைவது நெல்லே. நெல் வயலைவிட்டுப் புறப்படும்போது கோதுமைக் கலப்பு அற்றதாகவே புறப்படுகின்றது. கலப்பு நேர்வது அதன் பின்னரே. அது நேரும் இடங்களைக் கீழே காண்க.

1. சாக்கு. கோதுமை மா வந்த வெறும் பைகள் மலிவாகக் கிடைப்பதால், நெல்லும் அரிசியும் கட்ட அவற்றை உபயோகிக்கும் வழக்கம் உண்டு. பையை எவ்வளவு உதறினாலும் இழைகளின் இடையே மா தங்கியிருக்கும். இதுவே கமக்காரர் தம் கையால் தடுக்கக்கூடிய முதற் கலப்பாகும். பலகாரத்துக்கென விற்கும் அரிசியைப் புதிய பையிலோ, நெல் மாத்திரம் கட்டிய பையிலோ கட்டவேண்டும்.

2. களஞ்சியமும் வண்டியும். கால்நடைத் தீனிக்குரிய கோதுமைத் தவிடு இருக்கும் இடத்தில் அரிசி மூடைகளை அடுக்கலாகாது. மூடை ஏற்றும் வண்டியின் தளத்தையும் முன்னரே கூட்டித் துப்புரவு செய்தல் வேண்டும்.

3. மா அரைக்கும் ஆலை. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் மா அரைத்தால் அதன் காரம் மாவிலேறுவதைக் கண்டு எவரும் அதனைத் தவிர்ப்பர். கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரிசி அரைத்தால் அவ்வாறு ஓர் அறிகுறியும் தோன்றாது. கோதுமை அரைக்காத ஆலையைத் தெரிந்தெடுப்பதே உத்தமம். அது கிடையாவிடின் இயந்திரத்தைத் திறந்து துப்புரவு செய்வித்து, காலையில் முதல் வேலையாக அரைப்பித்து, முதலில் வரும் இரண்டு மூன்று கிலோகிராம் மாவை நோயில்லாதோருக்கு ஒதுக்கலாம். இது கலப்பைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்கும் என்று சொல்வதற்கில்லை. சீலியாக் நோயாளிக்குரிய மாவை வீட்டில் தனி மின் அரைப்பானில் அரைத்துக்கொள்ளுதலே பாதுகாப்பானது.

நெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 முதல் 14 வரை குறையும்படி உலர்த்திச் சேமித்தால், பூஞ்சணமும் நாற்றமும் இன்றி நல்ல மா கிடைக்கும். தவிடு நீக்காத சிவப்பரிசி மாவில் எண்ணெய்ப் பற்று இருப்பதால் அது விரைவிற் காறல் மணம் பெறும். அதனைச் சிறு சிறு அளவாகவே அரைத்தல் வேண்டும்.

கொழும்பு நுகர்வோருக்கு நேரே மா விற்கும் கமக்காரர், பரிசோதனை செய்யப்படாத மாவைப் பசைப்புரதம் அற்றது எனக் கூறி விற்றல் தகாது. ‘கோதுமை அரைக்காத ஆலையில் அரைத்தது, புதிய பையிற் கட்டியது’ என உண்மையில் நடந்ததை எழுதினாலே போதும். அச்சொல்லை நம்பி ஒரு தாய் தன் பிள்ளைக்கு உணவு கொடுக்கின்றாள் என்பதை மறத்தலாகாது.

அரிசிமாவின் இயல்பு

கோதுமை மாவுக்குப் பதிலாக அதே அளவு அரிசிமாவை இட்டுக் கேக் செய்பவர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். கேக் உதிர்ந்துபோகும், நாவில் மணல்போல உறுத்தும், மறுநாள் இறுகிவிடும். இம்மூன்று குறைகளுக்கும் காரணம் உண்டு, பரிகாரமும் உண்டு.

உதிர்வதற்குக் காரணம் பிணைக்கும் பசை இல்லாமையே. முட்டை, அரைத்த உளுந்து, மசித்த வாழைப்பழம், அவித்து மசித்த பூசணி அல்லது வற்றாளைக் கிழங்கு ஆகியவற்றுள் ஒன்று அப்பிணைப்பைத் தரும். இட்டலி கோதுமையின்றியே பொங்கி நிற்பது உளுந்தின் வழுவழுப்பினால் என்பதை இங்கு நினைவுகூரலாம். மருந்துக் கடைகளிற் கிடைக்கும் இசப்கோல் உமியும் ஒரு தேக்கரண்டியளவு சேர்க்கலாம்.

மணல்போல உறுத்துவதற்குக் காரணம் மா பருமனாக இருத்தலும், நீரைப் போதியளவு உறிஞ்சாமையும் ஆகும். புழுங்கலரிசி இதற்கு உதவாது. வெள்ளைப் பச்சையரிசியையே எடுக்கவேண்டும். அதனை நாலு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியிற் பரப்பி, ஈரம் முற்றாக உலருமுன் அரைத்து, மெல்லிய அரிதட்டில் இருமுறை அரித்தெடுத்தால் மா நொய்மையாக இருக்கும். ஈரமாவை அன்றே உபயோகிக்க வேண்டும். அல்லது நன்கு உலர்த்தி வைக்கவேண்டும். மோதகத்துக்கு மாவை வறுப்பது வழக்கம். கேக்குக்கு வறுக்க வேண்டியதில்லை. கலவையைக் கோதுமைக் கலவையிலும் சற்று இளக்கமாகக் கரைத்து, கால் மணி நேரம் வைத்திருந்து பின்னர் வேகவைத்தல் நன்று.

மறுநாள் இறுகுவதற்குக் காரணம் அரிசியின் மாப்பொருளே. இலங்கையிற் பயிரிடப்படும் நெல்லினங்களிற் பெரும்பாலானவற்றின் அரிசியில் அமைலோசு எனும் கூறு மிகுதி. சோறு உதிரியாக இருப்பதற்கு நன்மையான இக்குணம், கேக்கை ஆறியபின் இறுகச் செய்கின்றது. ஐந்தில் ஒரு பங்கு மரவள்ளி மாச் சேர்த்தாலும், தேங்காய்ப்பூ அல்லது பூசணி சேர்த்தாலும் ஈரம் நிலைத்து நிற்கும். இறுகிய துண்டை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் மீண்டும் மென்மையாகும்.

செய்முறைகள்

பூசணி அவித்த கேக். அவண் இல்லாத வீடுகளுக்கும் முட்டை உண்ணாதோருக்கும் ஏற்றது. தோல் நீக்கி அவித்து மசித்த பூசணி 250 கிராம், அரிசிமா 200 கிராம், பொடித்த பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டி 150 கிராம், தேங்காய்ப்பூ 100 கிராம், ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை எடுக்கவேண்டும். பனங்கட்டியைச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டி, பூசணியுடனும் மாவுடனும் தேங்காய்ப்பூவுடனும் கலந்து, கால் மணி நேரம் வைக்கவேண்டும். கலவை இறுக்கமாக இருப்பின் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். பின்னர் ஏலமும் பேக்கிங் பவுடரும் கலந்து, எண்ணெய் பூசிய தட்டில் ஊற்றி, 40 நிமிடம் ஆவியில் அவிக்கவேண்டும். நன்கு ஆறிய பின்னரே வெட்டவேண்டும். சூட்டில் வெட்டினாற் கத்தியில் ஒட்டும்.

அரிசிமாப் பட்டர் கேக். அரிசிமா 200 கிராம், மரவள்ளி மா 50 கிராம், பட்டர் 225 கிராம், சீனி 225 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 4 மேசைக்கரண்டி, சிறிது வனிலா. பட்டரையும் சீனியையும் வெண்மையாகும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்கவேண்டும். இரண்டு மாவையும் பேக்கிங் பவுடருடன் மூன்று முறை அரித்து, பாலுடன் மாறி மாறிச் சேர்க்கவேண்டும். பசைப்புரதம் இல்லாமையால், அதிகம் கலந்தாற் கேக் கடினமாகிவிடும் என்ற அச்சம் இங்கு இல்லை. கால் மணி நேரம் வைத்தபின், கடதாசி விரித்த எட்டங்குலத் தட்டில் ஊற்றி, 170 பாகை செல்சியசு வெப்பத்தில் 45 முதல் 50 நிமிடம் வேகவைக்கவேண்டும்.

அரிசி ரவை லவ் கேக். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க இல்லங்களில் நத்தாருக்குச் செய்யப்படும் லவ் கேக்கிற் கோதுமை ரவையே வழக்கமாகச் சேர்க்கப்படும். அதற்கு ஈடாக மெல்லிய அரிசி ரவை 200 கிராம் எடுத்து, இளஞ்சூட்டில் மணம் வரும்வரை வறுக்கவேண்டும். அரிசி ரவை மெதுவாகவே ஊறும். ஆகையால் அதனை அரைக் கோப்பை இளஞ்சூடான பாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பின்னர் 150 கிராம் பட்டருடன் பிசையவேண்டும். எட்டு முட்டைகளின் மஞ்சட்கருவை 350 கிராம் சீனியுடன் நன்கு அடித்து, ரவை, பொடியாக நறுக்கிய மரமுந்திரிகைப் பருப்பு 300 கிராம், பூசணித் தோசி 200 கிராம், தேன் 2 மேசைக்கரண்டி, பன்னீர், ஏலம், சாதிக்காய் ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். இறுதியில் மூன்று முட்டைகளின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்து, பல மடிப்புக் கடதாசி விரித்த தட்டில் 150 பாகை செல்சியசு வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் வேகவைக்கவேண்டும். மேற்புறம் பொன்னிறமாகவும் உட்புறம் ஈரப்பதமாகவும் இருத்தலே பதம்.

பயற்றம் பணியாரம். வறுத்துக் கோது நீக்கிய பயற்றின் மா 250 கிராம், வறுத்த தேங்காய்ப்பூ 100 கிராம், சீனி 200 கிராம், மிளகு, சீரகம், ஏலம் சிறிதளவு. சீனியைப் பாகு காய்ச்சி, யாவற்றையும் கலந்து, சூடாறுமுன் உருண்டை பிடிக்கவேண்டும். தோய்மாவிற் கோதுமை மாச் சேர்ப்பது உருண்டையில் அது நன்கு பிடிப்பதற்காகவே. அதற்குப் பதிலாக ஊறவைத்து அரைத்த உளுந்து கால் கோப்பையை, ஒரு கோப்பை அரிசிமாவுடனும் தேங்காய்ப்பாலுடனும் உப்புடனும் கரைத்தால் அதே பிடிப்பு உண்டாகும். கடையில் விற்கும் உளுத்தம்மாவிற் கோதுமை மா கலந்திருத்தல் உண்டு. ஆதலால் முழு உளுந்தையே வாங்க வேண்டும்.

இவற்றைத் தவிர, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை ஆகியவற்றாற் செய்யப்படும் வட்டிலப்பத்தில் மாவே சேர்வதில்லை. விருந்தினருள் ஒருவர் கோதுமை ஒவ்வாதவர் என அறிந்தால், இலகுவிற் செய்யத்தக்க இனிப்பு அதுவேயாகும்.

மறைந்திருக்கும் கோதுமை

ரவை, சேமியா, பிஸ்கோத்துத் தூள் ஆகியன கோதுமையே. மோல்ட் சேர்ந்த பானங்கள் பார்லியினாற் செய்யப்படுவன. கூட்டுப் பெருங்காயத்திற் கோதுமை மா சேர்க்கப்படுவது உண்டு. சில பேக்கிங் பவுடர்களிலும் கோதுமை மாப்பொருள் சேரும். ஓட்ஸ் பிறிதொரு தானியமாயினும், கோதுமையுடன் கலந்துபோதல் சாதாரணம். பொதியில் அச்சிடப்பட்ட சேர்பொருட் பட்டியலை வாசித்த பின்னரே எதனையும் வாங்கவேண்டும்.

சமையலறையிலும் கவனம் தேவை. ரோல்ஸ், கட்லட் பொரித்த எண்ணெயிற் பணியாரம் பொரித்தலாகாது. கேக் தட்டிற் கோதுமை மா தூவும் வழக்கத்தை விட்டு அரிசிமா தூவவேண்டும். உலோகப் பாத்திரங்களைக் கழுவி உபயோகிக்கலாம். அரிதட்டு, மர அகப்பை, மரப்பலகை ஆகியவற்றின் இடுக்குகளில் மா தங்குமாதலால் அவற்றை நோயாளிக்கெனத் தனியே வைத்தல் வேண்டும். ஒரே நாளிற் பலவகைப் பலகாரம் செய்வதாயின், கோதுமை சேராதவற்றை முதலிற் செய்து மூடிவைக்கவேண்டும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு

அரிசிமாப் பலகாரங்களுக்கு ஈரமும் பிணைப்பும் தருவன பெரும்பாலும் தோட்டத்துப் பயிர்களே. நன்கு முற்றிய, சதை தடித்த பூசணியில் நீர் குறைவாதலால் கேக்குக்கு அதுவே உகந்தது. காம்பை ஓரங்குலமாவது விட்டு வெட்டி, அடிபடாமல், காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தாற் பல வாரங்கள் பழுதடையாது இருக்கும். நீற்றுப்பூசணி, தோசி செய்வதற்கு நத்தாருக்கு முந்திய வாரங்களில் விரும்பி வாங்கப்படுகின்றது. வற்றாளையும் மரவள்ளியும் மாவாகவும் மசியலாகவும் பயன்படும். மலிந்த காலத்திற் பூசணியை வீணே அழுகவிடாமல், அவித்து மசித்துக் குளிரூட்டியில் உறையவைத்து, பின்னர் உபயோகித்தலும் கூடும்.

ஞாபகத்தில் வைக்கவேண்டியவை

1. கோதுமை, பார்லி, றை ஆகியவற்றிற் பசைப்புரதம் உண்டு. அரிசியிலும் குரக்கனிலும் இல்லை.

2. வைத்தியப் பரிசோதனைக்கு முன்னர் கோதுமையை நிறுத்தலாகாது. நோய் உறுதியானபின் சிறிதளவும் சேர்த்தலாகாது.

3. கோதுமை மாப் பையில் நெல்லையோ அரிசியையோ கட்டலாகாது.

4. கோதுமை அரைத்த இயந்திரத்திலும், கோதுமை அரித்த அரிதட்டிலும் நோயாளிக்குரிய மாவைச் சேர்த்தலாகாது.

5. பச்சையரிசியை ஊறவைத்து அரைத்து இருமுறை அரித்த மாவே கேக்குக்கு ஏற்றது.

இந்நாட்டு வயலில் விளையும் நெல்லில் இந்நோயாளிக்கு விலக்கானது ஒன்றும் இல்லை. அது அறுவடையிலிருந்து அடுக்களை வரை அவ்வாறே சென்று சேருமாயின், கோதுமை ஒவ்வாத பிள்ளையும் பண்டிகை நாளில் மற்றப் பிள்ளைகளுடன் ஒரே தட்டிலிருந்து பலகாரம் எடுத்து உண்ணலாம். நெல்லைச் சேமித்தல், மரக்கறிகளைப் பதப்படுத்தல் பற்றிய மேலதிக விபரங்களைத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம்.